உயிர் காக்கும் உப்பும் சர்க்கரையும்
(அறிவியல் மன்ற மாணவியர்)

எங்கள் நாஞ்சில் நாட்டில் கோபம் வந்துவிட்டால் சிலர் வாயில் "பேதியில போவான்" என்று ஒரு வசவு வரும். இன்று அதைச் சொல்பவரும் பொருளை நினைப்பதில்லை, கேட்பவரும் நினைப்பதில்லை. நம் பாட்டிமாரின் பாட்டிமார் காலத்திலோ அது கொடிய சாபம். வாந்திபேதி ஊருக்குள் நுழைந்தால் காலையில் நடமாடியவர் மாலையில் இருக்கமாட்டார். அந்த அச்சத்தை நம் வீடுகளிலிருந்து விரட்டியவற்றுள் ஒன்று நம் அடுக்களை அலமாரியிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டு விழாப் பயிற்சி நடந்த நாட்களில், எங்கள் வகுப்பில் சிலர் வண்ண உறைகளில் வரும் சத்துநீர்ப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தார்கள். வாங்க இயலாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கவனித்த எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர், "மக்களே, உறையின் பின்பக்கத்தை யாராவது வாசித்தீர்களா?" என்று கேட்டார்கள். வாசித்தோம். சர்க்கரை, உப்பு, சிறிது பொட்டாசியம் உப்பு, புளிப்புக்கு ஓர் அமிலம், நிறம், மணம்! "அப்படியானால் இவ்வளவு விலை எதற்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

அப்போது எங்கள் தோழி ஒருத்தி தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தம்பிக்கு வயிற்றுப்போக்கு. அம்மா கடைக்கு ஓடி, "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகள் கொட்டையாக அச்சிட்ட இனிப்புப் பானத்தை வாங்கி வந்து நாள் முழுதும் கொடுத்தார். போக்கு நிற்கவில்லை, மிகுந்தது. இரவில் குழந்தையின் கண்கள் குழிந்தன. மருத்துவமனையில் சேர்த்த பிறகே பிழைத்தான். "எழுதப் படிக்கத் தெரிந்தும் நான் சின்ன எழுத்தை வாசிக்கவில்லையே!" என்று அந்த அம்மா இன்றும் வருந்துகிறாராம். இதைக் கேட்ட பிறகு எங்கள் கேள்வி விலையோடு நிற்கவில்லை. எது சரியான நீர், எது தவறான நீர் என்று ஆராயத் தொடங்கினோம்.

உடலில் நடப்பது என்ன?

வயிற்றுப்போக்கில் உடல் இழப்பது தண்ணீரை மட்டுமன்று; உப்புச் சத்துகளையும் இழக்கிறது. வெறும் தண்ணீர் அந்த இழப்பை ஈடுசெய்யாது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தாலும் நோயுற்ற குடல் அதைச் சரிவர ஏற்காது. ஆனால் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, நீரும் பின்தொடர்கிறது. வங்கிப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். இந்த உண்மையை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் விளக்கினார்.

சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் நிலைமை தலைகீழாகிறது. குடலில் தேங்கும் சர்க்கரை உடலிலுள்ள நீரைத் தன்பக்கம் இழுக்கும், போக்கு பெருகும். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உண்டு. கோலா வகைப் பானங்களிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை! தோழியின் தம்பிக்கு நேர்ந்தது ஏன் என்பது இப்போது எங்களுக்குப் புரிந்தது.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இத்தகைய பெயர்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பானங்களின் பெயரில் "ஓ.ஆர்.எஸ்." என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

முகாமில் பிறந்த பாடம்

இந்த மருத்துவம் பரவியதில் நம் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1971-ல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்தவர்களும் குறைவு. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து நீரில் கரைத்துப் பெரிய கலங்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு புகட்டினார்கள். அதற்குமுன் 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு, அவருடைய சிகிச்சைப் பிரிவில் 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நின்று அழுத தாய்மார்களும் தந்தைமார்களுமே அங்கே செவிலியர் ஆனார்கள்! 2022-ல் மறைந்த அவருக்கு, 2023-ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பின்னர் வங்கதேசத்தில் "பிராக்" என்ற நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்யக் கற்பித்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மார் பாடத்தை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்து, அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம் தந்தார்கள். சொல்லிக்கொடுத்தால் போதாது, சரியாகச் செய்யவும் வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

எங்கள் சோதனை

வீட்டில் செய்யும் அளவு இது: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. செலவு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும்.

எளிது என்று நினைத்தோம். ஆளுக்கொரு தேக்கரண்டி கொண்டுவந்து ஆய்வுக்கூடத்து அளவு உருளையில் அளந்து பார்த்தபோதுதான் திகைத்தோம். ஒரு வீட்டுக் கரண்டி போல மற்றொன்று இல்லை! வேண்டியது 5 மில்லி கொள்ளும் கரண்டி. சில அதற்கு மிகச் சிறியவை. சில பாயசக் கரண்டிகள். உப்பு கூடினால் சிறு குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. எனவே இருமல் மருந்துப் புட்டியுடன் வரும் அளவு மூடியைக் கழுவி எடுத்துவைத்தோம். அதில் 5 மில்லி கோடும், பலவற்றில் 2.5 மில்லி கோடும் உண்டு.

இன்னொன்றும் கற்றோம். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களை அறிந்த நம் வீடுகளில் கல்லுப்புப் புழக்கம் அதிகம். கல்லுப்பைக் கரண்டியில் அள்ளினால் இடைவெளி விழுந்து அளவு தவறும். தூளாக்கியே அளக்க வேண்டும். கரைத்தபின் நாவில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

நம் ஊர் நீர்கள்

கஞ்சித் தண்ணீர்: மிக நல்லது. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக மாறுவதால் நீரை வெளியே இழுக்காது. லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி தூள் உப்புப் போதும். உப்பிட்ட மோருக்கும் இதே அளவு.

இளநீர்: பொட்டாசியம் நிறைந்தது, சோடியம் குறைவு. மற்ற நீர்களோடு சேர்த்துக் கொடுக்கலாம். அதை மட்டுமே நம்பக் கூடாது.

அக்கானி: நம் பனை தரும் பதநீர் சுவையானது, ஆனால் சர்க்கரை மிகுதி. வயிற்றுப்போக்குக்கு ஏற்றதன்று. விலை குறைந்தது, நம் ஊர்ப் பொருள் என்பதனால் மட்டும் ஒன்று மருந்தாகிவிடாது.

கருப்புக்கட்டி: வெல்லம் போல இதையும் சர்க்கரைக்குப் பதிலாகக் கரைக்கலாம். ஆயினும் ஈரமும் மண்ணும் கட்டிக்குக் கட்டி மாறுவதால், சர்க்கரை இருக்கும்போது சர்க்கரையே நல்லது.

இவை எல்லாவற்றிலும் மேலானது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். அதில் பொட்டாசியமும் உண்டு, அளவும் பிசகாது. சிறு குழந்தைகளுக்கு அதையே தேட வேண்டும். உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கலாகாது. வீட்டுக் கரைசல், பொட்டலம் வந்து சேரும்வரை கைகொடுக்கும் துணை.

கொடுக்கும் முறை

ஒவ்வொரு முறை போனபின்னும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டுமட்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுக. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. கலந்த நீரை 24 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிட வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் 14 நாள் தருவது வழக்கம். மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கண் குழிதல், அழுதும் கண்ணீர் வராமை, கிள்ளிய தோல் மெதுவாகவே இறங்குதல், சோர்ந்து மயங்குதல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் போதாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழிநெடுகக் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம்.

விளையாட்டுப் பயிற்சிக்கு? ஒரு மணி நேரம் ஓடியாடும் நலமான மாணவிக்கு நல்ல தண்ணீரும், வீட்டுக்குப் போய்க் குடிக்கும் உப்பிட்ட கஞ்சியும் போதும். இப்போது எங்கள் வகுப்பில் யாரும் யாரையும் பார்த்து ஏங்குவதில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். நாங்கள் கற்ற பாடமும் அதுவே. உயிரைக் காப்பது விலையன்று, அளவு. பெற்றோர் தினக் கண்காட்சியில் ஒரு மேசையில் சர்க்கரை, உப்பு, தண்ணீர், அளவு மூடி வைத்து, வந்தவர்களைத் தாங்களே கலக்கச் சொன்னோம். முதலில் வந்து மூடியைக் கையில் எடுத்தவர் எங்கள் தோழியின் அம்மா. தலைதட்டி, எண்ணி, பிழையின்றிக் கலந்தார். பிறகு அடுத்து நின்ற தாய்க்கு அவரே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நாங்கள் ஒதுங்கி நின்று பார்த்தோம்.