மருந்துக் கடையில் வேலை

உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டரிடம் போகிறோம். டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார். சீட்டோடு மருந்துக் கடைக்குப் போகிறோம். அங்கே இரண்டு வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் மருந்தாளுநர். இவரைப் பார்மசிஸ்ட் என்றும் சொல்வோம். மற்றவர் உதவியாளர். பார்ப்பதற்கு இருவரும் ஒரே வேலை செய்வது போலத் தெரியும். ஆனால் சட்டப்படி இருவரும் வேறு வேறு.

உதவியாளர் என்ன செய்கிறார்?

மொத்த வியாபாரியிடமிருந்து மருந்துப் பெட்டி வரும். உதவியாளர் அதைப் பிரிப்பார். மருந்தின் பெயர், எண்ணிக்கை, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு அலமாரியில் அடுக்குவார். முதலில் காலாவதியாகும் மருந்தை முன்னால் வைப்பார். காலாவதியானதைத் தனியே எடுத்து வைப்பார்.

அட்டையில் 6/2027 என்று இருந்தால் 2027 ஜூன் மாதக் கடைசி நாள் வரை விற்கலாம். ஜூலை முதல் தேதி விற்கக் கூடாது.

இன்சுலின் மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். அது உறைந்துபோனால் பயன்படாது.

படிக்கவும் எழுதவும் எண்ணவும் நன்றாகத் தெரிந்தால்தான் இந்த வேலைகளைச் செய்ய முடியும்.

எதைச் செய்யக் கூடாது?

1948ஆம் ஆண்டில் பார்மசி சட்டம் வந்தது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே தந்துள்ளது. ஏன்? பல மருந்துகளின் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும். ஓர் எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடும். 5 மில்லிகிராமுக்குப் பதில் 50 மில்லிகிராம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு கடை. மருந்தாளுநர் சாப்பிடப் போயிருக்கிறார். உதவியாளரான இளம்பெண் மட்டும் இருக்கிறார். ஒரு பெரியவர் வருகிறார்.

“தூக்கமே வரலம்மா. தூக்க மாத்திரை ஒரு அட்டை கொடு.”

“சீட்டு இருக்குங்களா ஐயா?”

“சீட்டு எதுக்கு? நாலு வருஷமா இங்கே இருக்கே. உனக்குத் தெரியாத மாத்திரையா?”

“தெரிஞ்சாலும் நான் கொடுக்கக் கூடாதுங்க ஐயா. அட்டையில சிவப்புக் கட்டம் போட்டிருக்கு, பாருங்க. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. பார்மசிஸ்ட் அண்ணன் அதுக்குள்ள வந்துடுவார்.”

அவர் சொன்னது சரிதான். சில தூக்க மாத்திரைகள், காசநோய் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துகள் ‘எச் 1’ என்ற பட்டியலில் உள்ளன. இந்தப் பட்டியல் 2014இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

மேலே போக வழி உண்டா?

உண்டு. ஆனால் அனுபவம் மட்டும் போதாது. இருபது வருடம் கடையில் நின்றாலும் உதவியாளர் மருந்தாளுநர் ஆக முடியாது. குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழும் அந்த உரிமையைத் தராது. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் பாடங்களோடு உயிரியல் அல்லது கணிதம் படித்துத் தேற வேண்டும். பிறகு டி.பார்ம் படிப்பு. இது இரண்டு வருடம். அதன்பின் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. முடித்தவர்கள் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். அதற்கு உச்ச வயது வரம்பு இல்லை.

பதிவு பெற்றவர் சொந்தக் கடை வைக்கலாம். அரசு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மக்கள் மருந்தகம் தொடங்கலாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2023இல் பத்தாயிரத்தை எட்டின. மேலும் படிக்க விரும்பினால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். தபால் வழியில் டி.பார்ம் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. பெரியவருக்கு மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அப்படியானால் 1-1-1 என்பது என்ன?
3. உங்கள் வீட்டில் உள்ள மருந்து அட்டையை எடுங்கள். காலாவதித் தேதியைப் படித்து எழுதுங்கள்.