பூகம்பம்: யாருக்கான எச்சரிக்கை?





2005 அக்டோபர் 8, சனிக்கிழமை. ரமளானின் முதல் வாரம். நம் நேரப்படி காலை சுமார் 9.20 மணிக்குக் காஷ்மீர் மலைகள் 7.6 அளவில் அதிர்ந்தன. முஸஃப்பராபாத் நகரம் சிதைந்தது. நம் பக்கம் உரி, தங்தார் பகுதிகள் இடிந்தன. எல்லைக் கோட்டின் இரு புறமும் சேர்த்து 70,000-க்கும் அதிகமானோர் மவ்த்தானார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பள்ளிக்கூடச் சுவர்களுக்குள் புதைந்தார்கள். மலைச்சரிவுகள் பாதைகளை அடைத்தன. ஹெலிகாப்டர் தவிர வேறு வழியில்லாத கிராமங்களை நோக்கிப் பனிக்காலம் வந்துகொண்டிருந்தது.

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை நெருக்குவதால் இமயமலை உயர்ந்தது; அதே நெருக்கம்தான் அங்கே பூகம்பமாகவும் வெடிக்கிறது. இந்தக் காரணத்தை அறிவது ஈமானுக்கு முரணல்ல. காரணங்களையும் படைத்தவன் அல்லாஹ்தான்.

தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

எங்கே பூமி அதிர்ந்தாலும், "அவர்கள் செய்த பாவம்" என்று ஒரு செய்தி நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. நாமும் யோசிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஸமூது கூட்டமும் மத்யன்வாசிகளும் நிலநடுக்கத்தால் அழிக்கப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அது தண்டனை என்பது நமக்கு வஹீயின் மூலம் தெரிந்தது. உரியைப் பற்றி யாருக்கு வஹீ வந்தது?

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. கிரகணம் அல்லாஹ்வின் அத்தாட்சி. எவருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் அது நிகழ்வதில்லை என்று தெளிவுபடுத்தி, தொழுகை, துஆ, தர்மத்தின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள்.

கவனியுங்கள். அத்தாட்சியைக் கண்டவர் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. மேலும், இடிபாட்டில் சிக்கி இறக்கும் முஃமின் ஷஹீதுடைய அந்தஸ்தைப் பெறுகிறார் என்று ஹதீஸ் நற்செய்தி கூறுகிறது. அல்லாஹ் கண்ணியப்படுத்தியவரை நம் நாவு பாவி என்று சொல்வதா?

நாம் செய்ய வேண்டியது

முதலில் தவ்பா. பிறகு, தேவையறிந்து உதவுவது. பனியன் நகரமான நம் திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உறைபனியில் கூடாரமின்றி நிற்பவருக்கு மெல்லிய பருத்திச் சட்டை போதாது; கம்பளியும் கூரையும் வேண்டும். மிஞ்சியதைக் கழிப்பது வேறு, ஸதகா வேறு.

மண்ணரைத் தெருக்களில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்கள் ஊரில் பேரிடர் என்று செய்தி வந்தால், "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் ஒரு நன்மைதான்.

நமக்கு இது தூரத்துச் செய்தி என்றும் இருந்துவிடாதீர்கள். 1900 பிப்ரவரி 8 அன்று நமது கோவை வட்டாரமும் ஏறத்தாழ 6 அளவில் அதிர்ந்திருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி. வீடோ, மதரஸாவோ, கம்பெனிக் கட்டடமோ, சிமெண்டிலும் கம்பியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அதற்குள் இருப்பவரின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

யா அல்லாஹ்! மலைகளில் மடிந்தோருக்கு மஃபிரத்தையும், எஞ்சியோருக்கு ஸப்ரையும், எங்களுக்கு அடங்கிய நாவையும் ஈயும் கரத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.