தேக்கை விற்கும் முன் நாடாவை எடுங்க!

வில்லியனூர், பாகூர் பக்கம் உங்கள் வரப்பில் நாலு தேக்கு நிற்கிறதா? "மொத்தமா ஒரு விலை பேசிக்கலாம்" என்று வியாபாரி வந்தால் அவசரப்படாதீங்க. முதலில் அளந்து பாருங்கள்.

கட்டையின் நடுப்பகுதிச் சுற்றளவை அடிக்கணக்கில் எடுத்து, நாலால் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணாலும், பிறகு கட்டையின் நீளத்தாலும் பெருக்குங்கள். அதுதான் கன அடி.

10 அடி நீளக் கட்டைக்கு:
சுற்றளவு 2 அடி – 2.5 கன அடி
சுற்றளவு 4 அடி – 10 கன அடி

சுற்றளவு இரட்டித்தால் மரம் நான்கு மடங்கு! முதிர முதிர உள்ளே வைரமும் கூடும்.

நேரான, கணுவும் பொந்தும் இல்லாத அடிமரத்துக்குத்தான் நல்ல விலை. பக்கக் கிளைகளை இளசிலேயே கழித்துவிடுங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீங்க.

அதற்காக எல்லாவற்றையும் காலம் முழுக்க நிறுத்தி வைக்கவும் வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். விழுந்த மரத்துக்குப் பேரம் பேச முடியாது. முதிர்ந்ததை முதலில், கட்டம் கட்டமாக விற்பது நல்லது.

வெட்டும் முன் வனத்துறையிடம் அனுமதி விவரம் கேளுங்கள். இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, கன அடிக் கணக்கிலேயே பேசுங்கள்.