நீரின் குற்றமா, விதையின் குற்றமா?

மாணவர்களே! முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல் மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் பெருத்திருப்பது இலைமொட்டு, இரண்டாவதில் பூந்திரள், மூன்றாவதில் தண்டு. ஆயினும் மூன்றும் பிராசிக்கா ஒலரேசியா என்னும் ஒரே சிற்றினம்! கடுகும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

இவற்றின் விதைகள் விரைவில் முளைக்கும். சிறு தொட்டியே போதும். ஆகவே பசுமைக்குடில் ஆய்வுகளுக்கு இவை ஏற்றவை. ஆனால் எந்த விதையை வாங்குவது?

மணிமங்கலத்து மாணவர் ஒருவர் ஏரி நீரையும் கிணற்று நீரையும் ஒப்பிட விரும்புவதாகக் கொள்வோம். மளிகைக் கடைக் கடுகை விதைக்கிறார். ஒரு தொட்டியில் செடி குட்டையாகிவிட்டது. காரணம் நீரா? சொல்ல முடியாது. மளிகைக் கடுகு பல வயல்களின் கலவையாக இருக்கலாம். செடிகளின் மரபுப் பண்பே வேறுபட்டிருக்கலாம் அல்லவா?

இங்கேதான் விதைக் கடைகளில் விற்கும் பெயர் பெற்ற இரகங்கள் உதவுகின்றன. இரு தூய வழிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறைக் கலப்பின முட்டைக்கோசுச் செடிகள் மரபில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு தோன்றினால் நீரின்மேல் ஐயம் கொள்ளலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. கலப்பினச் செடியின் விதையைச் சேமித்து மீண்டும் விதைக்காதீர்கள். மெண்டல் காட்டியபடி அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்துவிடும். நிறமேற்றிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம், கையைக் கழுவுங்கள். இரகப் பெயரையும் குவியல் எண்ணையும் குறித்து வையுங்கள். வணிக இரகம் சந்தையிலிருந்து மறைந்துவிடக்கூடும். எனவே ஆய்வு முழுமைக்கும் வேண்டிய விதையை ஒரே குவியலிலிருந்து வாங்குங்கள்.

பூவும் விதையும் காண வேண்டுமா? முட்டைக்கோசு பூக்க நீண்ட குளிர் தேவை. நம் சமவெளியில் அது கிடைக்காது. கடுகே ஏற்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் என்பவர் விரைந்து பூக்கும் செடிகளையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தார். விதையிலிருந்து விதைவரை சுமார் 35 முதல் 40 நாட்களில் முடிக்கும் பிராசிக்கா ராப்பா வகையை இவ்வாறு உருவாக்கினார். 1986-இல் அதுபற்றி எழுதினார்.

நீங்களும் மார்கழியில் தொடங்கலாம். நீர் ஒவ்வொன்றுக்கும் 10 தொட்டிகள். ஒரே மண், ஒரே இரகம், ஒரே அளவு நீர். தொட்டிகளைக் கலந்து அடுக்குங்கள். வாரந்தோறும் உயரத்தை அளந்து சராசரி காணுங்கள். ஒரே நீர் பெற்ற 10 செடிகளுக்குள்ளேயே வேறுபாடு எவ்வளவு? இரு சராசரிகளின் வேறுபாடு அதைவிடத் தெளிவாக மிகுந்திருந்தால் மட்டுமே நீரைக் குறை கூறுங்கள்.