சலக்கசிவு: குளிசையா, பயிற்சியா, சத்திரசிகிச்சையா?

எந்தச் சிகிச்சை நல்லது என்பதற்கு முன், எப்போது கசிகிறது என்று பார்க்க வேண்டும். நெல்லியடிச் சந்தையில் மரக்கறிப் பையைத் தூக்கும்போதோ இருமும்போதோ சொட்டினால், இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. வீட்டுக் கதவில் திறப்பைப் போடுவதற்குள் அடக்கமுடியாமல் போனால், அது அவசரக் கசிவு; சலப்பை நிரம்புமுன்பே சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். புரொஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும் நெடுநாள் நீரிழிவுக்காரருக்கும் சலப்பை வெறுமையாகாமல் நிரம்பி வழிவதுண்டு. இவர்கள் சலப்பையைத் தளர்த்தும் குளிசையைத் தாமாக பாமசியில் வாங்கிப் போட்டால் சலம் அடியோடு கட்டிவிடலாம். ஆகவே மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போகும்போது, குடித்த அளவு, சலம் போன நேரம், கசிந்த நேரம் ஆகியவற்றை மூன்று நாளைக்கு எழுதிக்கொண்டு போங்கள். கிருமித்தொற்று இருக்கிறதா என்று சலத்தையும் சோதிக்க வேண்டும்.

அவசரக் கசிவுக்கு நான் பயிற்சியையே முதலில் வைப்பேன். 55 வயதைத் தாண்டிய பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், பயிற்சி கசிவை ஏறத்தாழ 81 சதவீதம் குறைத்தது. சலப்பையைத் தளர்த்தும் ஒக்சிபியூட்டினின் குளிசை 69, வெறும் போலிக் குளிசை 39. உந்தல் வந்ததும் ஓடாமல் நின்று, இடுப்புத்தளத் தசையை இறுக்கி, அது தணிந்தபின் நடக்க வேண்டும். சலம் போகும் இடைவெளியையும் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். குளிசை சுலபம்தான், ஆனால் வாய் வறளும், மலம் இறுகும், வயதானவர்களுக்கு ஞாபகம் குழம்பக்கூடும். மிராபெக்ரோன் என்ற வேறுவகைக் குளிசையில் இத்தொல்லை குறைவு. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாது.

இருமல் கசிவுக்குச் சத்திரசிகிச்சையே மேல் என்பவர்களிடமும் ஆதாரம் உண்டு. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒரு வருடத்தில் சத்திரசிகிச்சைப் பிரிவில் 91 சதவீதத்தினர் தமக்கு முன்னேற்றம் என்றனர். பயிற்சிப் பிரிவில் 64. ஆனால் அவர்கள் நடுத்தர அல்லது கடுமையான கசிவுள்ளவர்கள். அப்படியிருந்தும், பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேர் அந்த வருடத்தில் சத்திரசிகிச்சைக்குப் போகவில்லை. சத்திரசிகிச்சையில் சலக்குழாயைத் தாங்க வலைப்பட்டி வைத்தவர்களுக்கு வந்த நீங்காத வலி காரணமாக இங்கிலாந்து 2018இல் அதை இடைநிறுத்தியதையும் மறக்கக்கூடாது. லேசான கசிவென்றால், எட்டு இறுக்கம் வீதம் நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள். பலர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடிக்கிறார்கள். அதனால் பயனில்லை, இயன்மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். கடுமையான கசிவென்றால் சத்திரசிகிச்சை பற்றி ஆரம்பத்திலேயே கேட்பது நியாயம்.

பஸ் ஏறுமுன் தண்ணீரைத் தவிர்ப்பது தீர்வல்ல. செறிந்த சலம் சலப்பையை உறுத்தும், மலமும் இறுகும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும்தான். சலத்தில் இரத்தம் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கசிவோடு கால் மரத்தாலோ பலமிழந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.