தரவுத்தள இணைப்பை மாற்றும் முறை

நாவலூர் வழியே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையின் இருமருங்கிலும் இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்துள்ளன. அத்தொழிலின் விளைபொருள் நம் சங்கங்களின் மேசைக்கும் வந்துவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தின் பொது மென்பொருளில் இணைப்பை மாற்றுவது அதனை நடத்துவோர் பணியாகும். தனி மென்பொருள் வைத்துள்ள சங்கத்திலோ அப்பொறுப்பு சங்கத்தையே சாரும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

இணைப்பு என்பது யாது?

திரையில் நாம் காண்பது மென்பொருள். கணக்கு உறைவது தரவுத்தளம் என்னும் களஞ்சியத்தில். இவ்விரண்டையும் சேர்ப்பவை ஐந்து குறிப்புகள்: சர்வரின் முகவரி, போர்ட் எனப்படும் வாயில் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். வாயில் எண் வழக்கமாகப் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306 ஆகும். சர்வரை மாற்றும்போதும் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும்போதும் இக்குறிப்புகளைத் திருத்த நேரிடும்.

பிழையும் பேராபத்தும்

முகவரியோ, வாயில் எண்ணோ, கடவுச்சொல்லோ பிழைபடின் பெரும்பாலும் இணைப்பு கிட்டாது, வேலை நிற்கும், பிழை உடனே புலப்படும். தரவுத்தளத்தின் பெயர் பிழைபடுவதே பேராபத்து. பணியாளர் பயிற்சிக்கென வைத்த நகலின் பெயரை எழுதிவிட்டால் இணைப்பு செவ்வனே கிட்டும். நெசவாளர் ஒப்படைத்த சேலையும் உழவர் செலுத்திய தவணையும் அந்நகலில் ஏறும்; பற்றுச்சீட்டும் அச்சாகும். உண்மைக் கணக்கிலோ, பணம் செலுத்திய உழவர் தவணை தவறியவராக நிற்பார். பாவு பிணைக்கையில் ஓரிழை மாறினால் துணியே அதனைக் காட்டிவிடும். கணக்கு அங்ஙனம் காட்டுவதில்லை.

செய்முறை

1. அன்றைய வரவு செலவு முடிந்தபின், அலுவலர் அனைவரும் மென்பொருளை விட்டு வெளிவந்த பின்னரே தொடங்குக.
2. தரவுத்தளத்திற்கும் பழைய இணைப்புக் குறிப்புகளுக்கும் நகல் எடுத்து வைக்க.
3. கடைசிப் பற்றுச்சீட்டின் எண்ணையும் மொத்த இருப்பையும் தாளில் எழுதுக.
4. குறிப்புகளைத் திருத்தியபின் மென்பொருளை நிறுத்தி மீண்டும் இயக்குக. பல மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே அக்குறிப்புகளைப் படிக்கும்.
5. ஒவ்வொரு கணிப்பொறியிலும் இதனைச் சரிபார்க்க. ஒன்று விடுபடினும் கணக்கு இரண்டாகப் பிரியக்கூடும்.
6. தாளில் எழுதிய எண்ணும் இருப்பும் திரையில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் பழைய குறிப்புகளையே மீட்டு வைக்க.
7. மாற்றிய நாள், காரணம், மாற்றியவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது.

இணைப்புக் கிட்டியது என்பதோடு நாம் நிறைவு கொள்ளலாகாது. எந்தக் கணக்கோடு இணைந்தோம் என்று உறுதி செய்வதே இப்பாடத்தின் சாரம். உறுப்பினர் ஒவ்வொருவரின் உழைப்பும் அக்கணக்கில் அடங்கியுள்ளதன்றோ?

பயிற்சி வினாக்கள்

1. தரவுத்தளப் பெயரின் பிழை, கடவுச்சொல்லின் பிழையினும் கொடியதாவது ஏன்?
2. மாற்றத்திற்கு முன்னர்த் தாளில் எழுத வேண்டியவை யாவை?
3. நும் சங்கத்தில் பயிற்சி நகல் உளதாயின், அதனை உண்மைக் கணக்கினின்று பிரித்தறிய என்ன அடையாளம் இட்டுள்ளீர்?