கொடியின் கணுவில் வேர்: வெட்டுவதா, விடுவதா?

நமது லயங்களின் இஸ்தோப்புப் பக்கம் போனால் ஒரு மணி பிளான்ட் கொடியாவது கண்ணில் படும். அண்மையில் ஒரு தோட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "கணுவுக்குக் கணு புழு மாதிரி பழுப்பா என்னமோ வருதுங்க. இது சீக்கா? வெட்டி வெட்டி விடுறேன், திரும்பவும் வருது."

அதே வீட்டின் பின்புறம் கிளிரிசீடியா மரத்தில் ஒரு மிளகுக்கொடி இருந்தது. மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்று நினைத்து, அக்காவின் கணவர் அதன் வேர்களையெல்லாம் சுரண்டிவிட்டார். அடுத்து அடித்த காற்றில், காய் பிடித்திருந்த கொடி அப்படியே சரிந்துவிட்டது. பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு நம்பியிருந்த காசு அது. இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

இது என்ன வேர்?

இது நோயல்ல, காற்று வேர். ஏறுகொடியின் தண்டுக்குத் தானாக நிற்கும் பலம் கிடையாது. எனவே கணுக்களில் வேர் விட்டு மரத்தையோ சுவரையோ பிடித்துக்கொள்கிறது. அதாவது, இது கொடியின் கை, வாய் அல்ல. மரக்கிளையில் வளரும் குருவிச்சையை நாம் அறிவோம். அது மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மிளகின் வேர் பட்டையை மேலாகப் பற்றுமே தவிர, மரத்தைத் தின்னாது.

வீட்டுக்கொடிக்கு என்ன செய்யலாம்?

மணி பிளான்டின் தாயகம் பசிபிக் சமுத்திரத்திலுள்ள மூரியா தீவு. அங்கே அது மரமேறும் கொடி. பிடிக்க ஏதாவது கிடைத்தால் இலையும் பெரிதாகும். ஆகவே ஒரு தடியில் தென்னந்தும்பைச் சுற்றிச் சாடியில் நட்டு, கொடியை அதில் தளர்வாகக் கட்டுங்கள். தும்பை ஈரமாக வைத்திருந்தால் வேர் அதில் போய்ப் பிடிக்கும்.

சுண்ணாம்புச் சுவரில் ஏறவிட வேண்டாம். வெடிப்புகளில் வேர் பிடித்துவிட்டால், பிறகு கொடியை இழுக்கும்போது பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். அந்தரத்தில் தொங்கும் வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டலாம், கொடி சாகாது. வெட்டிய கொடியை ஓடையோரம் வீசாதீர்கள். அங்கேயும் வேர்விட்டு மரங்களை மூடிவிடும். இதன் சாறு வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

போத்தல் தண்ணீர் கவனம்!

போத்தலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர்களையும் அலச வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. மண்ணில் நட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மிளகுக்கொடிக்கு

இளங்கொடியை மரத்தோடு ஒட்டி வைத்து, கணுவுக்குப் பக்கத்தில் வாழைநாரால் கட்டுங்கள். நைலோன் கயிறு தண்டை அறுக்கும். வேர் பிடித்ததும் கொடி தானாக ஏறும். பக்கக் கிளைகளில் பற்றுவேர் இருக்காது, காய்ப்பது அவைதான். மரமேற வேண்டிய கன்றுக்கு, கணுவில் வேர்விடும் தண்டையே 2 அல்லது 3 கணுவோடு வெட்டி நட வேண்டும். பக்கக் கிளையை நட்டால் அது ஏறாமல் செடியாகவே நிற்கும். சாடியில் வளர்க்க அது நல்லது.

சரிந்த கொடியையும் கைவிட வேண்டாம். பிடி விட்ட பழைய வேர் மறுபடி பிடிக்காது. ஆனால் கட்டிவிட்டால் புதுத் தளிரின் வேர் பிடிக்கும். அக்கா வீட்டுக் கொடியை அன்றே எல்லோருமாகத் தூக்கிக் கட்டினோம். முறிந்த தண்டுகளைக் கன்றுக்காக மண்ணில் வைத்தோம். "இனிமே கத்திய எடுக்கிறதுக்கு முன்னாடி பாத்துக்கிறேன்," என்றார் கணவர்.

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது எதை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துத்தானே வெட்டுகிறோம்? வீட்டுக்கொடிக்கும் அதே கவனம் வேண்டும். வேரைக் கண்டதும் கத்தியைத் தேடாமல், அது பிடித்துக்கொள்ள ஒரு தடியைத் தேடுவோம்.